இரண்டாம் கோப்பைக்கு அனுமதி

"மன்னிக்கவும். இது உங்களுக்குத் தேவையில்லை" என்று கடையிலிருந்த இயந்திரம் முதன்முதலாகச் சொன்னபோது, அது தனக்குப் பின்னால் நிற்பவரிடம் ஏதோ சொல்கிறது என்று நினைத்து பிஸ்கட்டம்மா மரியாதையாக விலகி நின்றாள்.

நல்ல குரல். அதட்டல் கிடையாது. ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்வதற்கென்றே வைத்திருக்கும் நர்ஸ் பேசுவது போல அத்தனை பதவிசு. ஆனால் கடைக்கோடியில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தவன் வரை கேட்டது.

"உங்களைத்தாம்மா சொல்லுது" என்று கடைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று அவள் எடுத்திருந்தது ஒரே ஒரு பாக்கெட் பிஸ்கட். அதே ஊதா உறையை இருபத்தொன்பது வருடம் கம்பெனியின் பாக்கிங் பிரிவில் நின்றபடி மடித்து ஒட்டியவள் அவள். பெயரும் அதனால் ஒட்டிக்கொண்டதுதான். தோள்பட்டை கழன்றது, கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு வேறு ஊருக்குப் போனது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்துவிட்டதால், எதற்கு முதலில் அழுவது என்று தெரியாமல் எதற்குமே அழாமல் விட்டுவிட்டாள்.

பிறகு அரசாங்கத்தின் உதவித்தொகை வந்தது. ஆரம்பத்தில் பணமாகத்தான் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் உதவி அலுவலகத்தின் பழைய பலகையை இறக்கிவிட்டு 'பொறுப்பான செலவு இயக்ககம்' என்று புதுப் பலகை ஏற்றினார்கள். காரணத்தை இயக்குநரே தொலைக்காட்சியில் தோன்றி விளக்கினார்.

"மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணினோம். அதிர்ச்சியான ஒரு உண்மை தெரிய வந்தது. நாம கொடுக்கற பணத்தை இவங்க செலவு பண்ணிடறாங்க."

பேட்டி எடுத்தவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனார்.

அதன் பிறகு பணம் நின்று அட்டை வந்தது. பொறுப்பு அட்டை. அரிசி, பருப்பு, உப்பு, வாசனை இல்லாத சோப்பு என்றால் பச்சை விளக்கு. மற்றதற்குச் சிவப்பும், அந்தப் பதவிசான குரலும். ரேடியோவுக்கு இரண்டு பாட்டரி கேட்டாள். பொழுதுபோக்கு என்று மறுத்துவிட்டது. தலையணை கேட்டாள், ஏற்கெனவே ஒன்று இருப்பதை ஞாபகப்படுத்தியது. பஸ்ஸில் தேய்த்தால் ஆஸ்பத்திரிக்கும் இயக்ககத்துக்கும் மட்டும் டிக்கெட் கிழிந்தது. அட்டை வைத்திருக்கிறவர்களுக்குப் போய்வர வேறு இடம் என்ன இருக்கிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பிஸ்கட்டம்மா எதையும் எதிர்த்துப் பேசவில்லை. இருபத்தொன்பது வருடம் மணியடித்தால் நின்று மணியடித்தால் உட்கார்ந்த உடம்பு. ரேடியோ வாயை மூடிய பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது. சமையல் மேடைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாம் என்றிருந்தவள், அப்புறம் அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் போன் அடித்தது. அவளுடைய போனிலிருந்து யாரையும் கூப்பிட முடியாது, அதற்கு அட்டையில் இடமில்லை. கூப்பிட்டால் பேசலாம். கூப்பிடத்தான் ஆளில்லை. அதனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"அக்கா" என்றது குரல்.

பதினோரு வருடம் கழித்துக் கேட்கிற குரல். தங்கச்சி.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் தங்கச்சி இரண்டு நாள் தாமதமாக வந்தாள். தூக்கமில்லாத ஆத்திரத்தில் வராந்தாவில் நாலு பேர் பார்க்க இவள், "நீ வந்தா என்ன, வராட்டி என்ன" என்று சொல்லிவிட்டாள். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். வாயிலிருந்து விழுந்த சொல்லை எந்த முந்தானையில் அள்ளுவது?

"என்னடி" என்றாள் பிஸ்கட்டம்மா.

"அடுத்த மாசம் கடைசி ஞாயிறு எனக்கு லீவு. வரட்டுமா?"

"வாடி."

"நாலு மணிக்கு வர்றேன்."

பொண்ணு நர்சிங் படிக்கிறாள் என்றும் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, காது உடைந்த ஒரு கோப்பை. தங்கச்சி கோப்பையில் குடித்தால் தான் தம்ளரில் குடிக்கலாம் என்று நினைத்தாள். தம்ளரும் கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் எல்லாம் ஒவ்வொன்றாக ஆனது எப்போது?

மறுநாள் கடையில் ஐம்பது கிராம் தேயிலை, ஒரு கோப்பை, ஒரு பாக்கெட் பிஸ்கட் மூன்றையும் மேஜையில் வைத்து அட்டையைத் தேய்த்தாள்.

"மன்னிக்கவும்" என்றது குரல். "உங்கள் வீட்டில் ஒருவர். இந்த மாதத் தேயிலை வாங்கப்பட்டுவிட்டது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு கோப்பை உள்ளது."

"என் தங்கச்சி வர்றா" என்றாள் இயந்திரத்திடம்.

"மன்னிக்கவும்" என்றது அது.

கடைக்காரர் குனிந்து, ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறவர் போல மேஜைக்குக் கீழேயிருந்து பேசினார். "நான் சும்மா கொடுத்துருவேன்மா. மேல காமிரா இருக்கு. இலவசமா கொடுத்தா அதை உங்க வருமானம்னு எழுதிடறான், என் லைசென்ஸையும் எடுத்துடறான். எதிர்த்தெருவுல ஒருத்தர் மச்சான் கொடுத்த மின்விசிறியை மாட்டினதுக்கு ஆறு மாசம் அட்டையை முடக்கிட்டாங்க. நீங்க ஆபீஸுக்கே போய்க் கேளுங்க. விருந்தாளிக்குன்னு ஒரு ஃபாரம் இருக்குன்னு கேள்வி."

இருந்தது. பதினேழாம் எண் படிவம். விருந்தினர் முன்னறிவிப்பு. மூன்றாம் கவுண்ட்டரில் இருந்த அம்மாள் அதை ஒரு பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

"இதை யாரும் கேட்டதே இல்லை. நீங்கதான் முதல் ஆள்" என்றாள் கொஞ்சம் மரியாதையோடு. பிறகு பேனாவைத் திறந்தாள். "விருந்தினர் யாரு?"

"தங்கச்சி."

"எதுக்கு வர்றாங்க?"

"என்னைப் பார்க்க."

"அது இந்தப் பட்டியல்ல இல்லையேம்மா. மருத்துவம், சாவு, சொத்துப் பங்கீடு, மத்தவைன்னு நாலுதான் இருக்கு."

"மத்தவைன்னே போட்டுருங்க."

"மத்தவைன்னு போட்டா மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகும். அதுக்கு முன்னால சிக்கனப் பயிற்சியில கலந்துக்கணும். வீட்டுப் பரிசோதனை வேற ஒண்ணு." சொல்லிக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனாள். "தங்கச்சி என்ன வேலை?"

"ஸ்கூல் பை தைக்கற பட்டறையில இருக்கா."

"பட்டறை விலாசம்? வீட்டு விலாசம்?"

போனில் பேசும்போது தங்கச்சி விலாசம் சொல்லவில்லை. ஆனால் பதினோரு வருடமாகப் பழைய அடையாளங்களை மனதில் அழிக்காமல் வைத்திருந்தாள் பிஸ்கட்டம்மா. தெரு, கதவு எண், பட்டறையின் பெயர் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாள். தனக்கும் ஒரு விலாசம் தெரியும் என்பதே ஒரு பெருமைதானே.

சிக்கனப் பயிற்சி ஊரிலேயே பெரிய ஹோட்டலின் மாடி மண்டபத்தில் நடந்தது. அட்டைக்காரர்கள் இருநூறு பேர் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒரு பக்கம், நடுவில் பட்டுக் கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைகளில் மூடி போட்ட பாத்திரங்கள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம். தலைப்பு: 'பசியைத் திட்டமிடுவோம்.'

இயக்குநர் வந்தார். சின்ன உருவம், கணீர்க் குரல்.

"ஏழ்மைங்கறது பணப் பிரச்சினை இல்லை" என்று தொடங்கினார். "அது ஒரு பழக்கம். பணம் கையில வந்ததும் அந்தப் பழக்கம் மறைஞ்சு போயிடுது. அப்புறம் நாங்க எதைத் திருத்தறது?"

முன்வரிசை அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

"சிக்கனத்தைக் கத்துக்கறதுக்காகவே போன வருஷம் நானும் என் மனைவியும் பிள்ளைகளும் நாலு நாடு போனோம். ஒரு ஊர்ல ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஒரே கோட்டை நாப்பது வருஷமா போட்டுட்டு இருக்கார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அன்னிக்கே கடைக்குப் போய் அதே மாதிரி கோட்டு ஒண்ணு வாங்கிட்டேன். இதோ, இதுதான்."

கோட்டைத் தடவிக் காட்டினார். கைதட்டல். கை தட்டினால்தான் வருகைப் பதிவில் சேரும் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள்.

"இந்த அட்டையால அரசாங்கத்துக்கு மிச்சம் எவ்வளவு தெரியுமா? இந்த அட்டையை நடத்த ஆகற செலவுல கிட்டத்தட்ட பாதி!"

பிஸ்கட்டம்மா பக்கத்தில் நின்ற கிழவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் தட்டினார்கள். முடிந்து படியிறங்கும்போது அவரிடம் ஏதாவது பேசலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவர் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் வீட்டுப் பரிசோதகர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் தொங்கிய பையில் அவரைவிடக் கனமான பதிவேடு. வந்ததும் பல் துலக்கும் பிரஷ்ஷை எண்ணினார். ஒன்று. செருப்பு ஒரு ஜோடி. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். யாருமில்லை.

"இப்ப இந்த வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான் சார்."

"உண்மையைச் சொல்லணும்மா. ரெண்டு பேர் இருக்கோம்."

பிஸ்கட்டம்மா திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் சேர்த்தியா?"

"'பரிசோதனை நேரத்தில் வீட்டினுள் உள்ள நபர்கள்'னுதான் விதியில இருக்கு. பரிசோதகர் நீங்கலாகன்னு போடலையே. நான் என்ன பண்றது?" என்று வருத்தத்தோடு இரண்டு என்று எழுதினார்.

இரண்டு என்று எழுதிவிட்டதால், தனிநபர் உதவி பெறுகிற வீட்டில் இன்னொருவர் இருப்பதாகக் கணினி கூச்சல் போட்டது. அந்த இன்னொருவர் அங்கே குடியிருக்கவில்லை என்று சான்று தர இரண்டாவது பரிசோதகரை அனுப்பினார்கள். அவர் முதலாமவரை அடையாளம் காட்டக் கூட்டிக்கொண்டு வந்ததால் எண்ணிக்கை மூன்றாயிற்று. மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்து, இப்படியே விட்டால் மொத்த இயக்ககமும் இந்த அம்மா வீட்டில் குடித்தனம் நடத்துவதாக முடியும் என்று கண்டுபிடித்து ஃபைலை மூடினார்.

அந்தப் பதினைந்து நாளில் மூன்று தடவை அவள் வீட்டுப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. முதல் பரிசோதகர் மூச்சு வாங்குகிறது என்று அவள் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தார். தன் மகன் போன் செய்வதில்லை என்று எதையோ எழுதிக்கொண்டே சொன்னார். சொன்னதும் அது பரிசோதனைக்குச் சம்பந்தமில்லை என்று அவருக்கே பட்டுவிட்டது போல, எழுந்துவிட்டார். அவர் போன பிறகு நாற்காலியின் இருக்கை கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. பிஸ்கட்டம்மா அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்த வாரம் யாரும் வராதபோது, வாசல் பக்கம் காது போவதைக் கவனித்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேல்முறையீட்டுக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர். வலது பக்கம் பொருளாதாரம் படித்த நிபுணர் அம்மையார். இடது பக்கம் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி வர்றது அத்தியாவசியமா?" என்று தலைவர் கேட்டார்.

"கூடப் பொறந்தவ சார்."

"அது பிறப்பு. நான் கேக்கறது வருகை. கடைசியா எப்ப வந்தாங்க?"

"பதினோரு வருஷம் ஆச்சு."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. "அப்ப பதினோரு வருஷம் அவங்க வராம நீங்க உயிரோட இருந்திருக்கீங்க?"

யோசித்துப் பார்த்தாள். "இருந்தேன் சார்."

"எழுதிக்கோங்க. வருகை அத்தியாவசியமில்லைங்கறதுக்கு மனுதாரரே ஆதாரம்."

நிபுணர் குறுக்கிட்டார். "நான் எதிரி இல்லைம்மா. உங்க நன்மைக்குத்தான் கேக்கறேன். வர்றவங்க அவங்க டீயை அவங்களே கொண்டு வந்தா என்ன?"

"வீட்டுக்கு வர்றவளை டீ எடுத்துட்டு வான்னு எப்படிம்மா சொல்றது?"

"ஏன் சொல்லக் கூடாது? வளர்ந்த நாடுகள்ல எல்லாம் அவங்கவங்களுக்கு வேண்டியதை..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து தள்ளுவண்டி வந்தது. மூன்று கோப்பைத் தேநீர். தட்டு நிறைய பிஸ்கட். ஊதா உறை. நிபுணர் ஒன்றை எடுத்துத் தேநீரில் தோய்த்து, பிஸ்கட்டம்மா பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது வேற கணக்குத் தலைப்பு" என்றார்.

"அந்த உறையில கீழ் மடிப்பு சரியா ஒட்டலை" என்றாள் பிஸ்கட்டம்மா. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, வந்தா என்ன பேசுவீங்க? அதையாவது சொல்லுங்க. பலன் என்னன்னு தெரியாம பொதுப்பணத்தை எப்படி ஒதுக்கறது?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "தெரியலை சார். முதல்ல ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம இருப்போம். அப்புறம் அவ பொண்ணு நர்சிங் படிக்கிறாளாம், அவளைப் பத்திக் கேப்பேன். அப்புறம்..." நிறுத்தினாள். "அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு சொல்லணும். அதுக்கு எவ்வளவு நேரமாகும்னு தெரியலை."

இடது பக்கம் இருந்தவர் கண்ணைத் திறந்தார். "பேசாம இருக்கற நேரம் எவ்வளவு? அதுக்குத் தேநீர் தேவைப்படாதே?"

மூவரும் குனிந்து கூடிப் பேசினார்கள். தீர்ப்பு அன்றே வந்தது. ஒரு முறை மட்டும் விருந்தினர் வருகை அனுமதிக்கப்படுகிறது. நேரம் நாற்பது நிமிடம், மௌனம் உட்பட. தேநீர் நூற்றைம்பது மில்லி. பிஸ்கட் இரண்டு. கோப்பை இரவலாக வழங்கப்படும். கழுவித் திருப்ப வேண்டும். பரிசோதகர் உடனிருப்பார்.

பிஸ்கட்டம்மா மூன்று பேரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். வெற்றி பெற்றவளாகத்தான் வீடு திரும்பினாள். பஸ்ஸில் அந்தத் தாளை நாலு தடவை படித்தாள்.

கடைசி ஞாயிறு. தரையைத் துடைத்தாள். நாற்காலியை ஜன்னலோரம் போட்டாள். கட்டிலில் தான் உட்கார்ந்தால் தங்கச்சியின் முகம் வெளிச்சத்தில் தெரியுமா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். நாலு அடிக்கப் பத்து நிமிடத்துக்கு முன்பே பரிசோதகர் வந்துவிட்டார். அரக்கு முத்திரை வைத்த பெட்டியிலிருந்து கோப்பையையும் தேயிலைப் பொட்டலத்தையும் இரண்டு பிஸ்கட்டையும் எடுத்து வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்த முறை எண்ணிக்கையில் தன்னைச் சேர்க்க வேண்டியதில்லை என்று சுற்றறிக்கை வந்திருப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். நாற்காலி விருந்தினருக்கு என்பதால் சுவரோரம் நின்றார்.

நாலு மணிக்குக் கடிகாரத்தை அழுத்தினார்.

தண்ணீர் கொதித்தது. அடுப்பைத் தணித்தாள். படியில் காலடி கேட்டது. பிஸ்கட்டம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். காலடி அவள் வாசலைத் தாண்டி மேல்மாடிக்குப் போய்விட்டது. கதவு திறந்தது, சாத்தியது.

"பஸ் லேட்டாயிருக்கும்" என்றார் பரிசோதகர்.

"ஞாயித்துக்கிழமை பஸ் கம்மிதானே சார்."

"ஆமாமா. கம்மிதான்."

குழாய் சொட்டியது. இருபது நிமிடமாயிற்று, முப்பதாயிற்று. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் பரிசோதகர் கடிகாரத்தை நிறுத்தி ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார். விதியில் அப்படி நிறுத்த இடமில்லை. பத்து நிமிடம் போல அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் அழுத்தி, மிச்சமிருந்த இரண்டு நிமிடத்தையும் ஓடவிட்டார்.

"முடிஞ்சுதும்மா."

"போட்ட டீ சார். நீங்களாவது குடிங்க."

"விருந்தினருக்கு ஒதுக்கினதை அதிகாரி குடிச்சா முறைகேடு."

"நான் குடிக்கலாமா?"

"உங்க பங்குத் தேயிலையை நீங்க இந்த மாசம் வாங்கியாச்சே." குரல் இறங்கிப் போய்விட்டது அவருக்கு.

தேநீரைத் தொட்டியில் ஊற்றி, ஊற்றியதற்கு அழிப்பு அறிக்கை எழுதினார்கள். பிஸ்கட்டுகளை எண்ணி முத்திரை வைத்தார். கோப்பை பயன்படுத்தப்படாததால் கழுவ வேண்டியதில்லை என்று ஒரு குறிப்பும் எழுதினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்ல வேண்டியதை நேராக நின்று சொன்னார்.

"வாழ்த்துகள்மா. யாரும் வரலைங்கறது பதிவாயிருச்சு. உங்க தனிநபர் தகுதியை இனிமே யாராலயும் அசைக்க முடியாது."

மறுநாள் காலை பிஸ்கட்டம்மா நடக்க ஆரம்பித்தாள். அட்டைக்குத் தங்கச்சி வீட்டுப் பக்கம் போகும் பஸ் கிடையாது. பாலத்தைத் தாண்டி, மரக்கடைகளைத் தாண்டி, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, பட்டறை வாசலுக்குப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். பின்பக்கப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்த பெண்ணின் தலைமுடியெல்லாம் நீல நூல். நூலுக்கு நடுவே நரை. அதைத்தான் முதலில் பார்த்தாள்.

தங்கச்சி நிமிர்ந்தாள். டப்பாவை மூடினாள்.

"எதுக்கு வந்தே?"

"நேத்து நீ வரலையேடி."

"வர்றதா? பதினோரு வருஷம் கழிச்சு மானத்தை விட்டு நானே போன் பண்றேன். நீ என்ன பண்ணினே? நேரா கவர்மென்ட்டுகிட்டப் போய் என் சம்பளத்துல பங்கு கேட்டிருக்கே. காசு வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா."

"நான் எப்ப கேட்டேன்?"

தங்கச்சி இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். எட்டாக மடித்து, பல தடவை பிரித்து மடித்ததில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. இயக்ககத்தின் முத்திரை. 'தங்கள் தமக்கையார் தங்களைத் தேநீருக்கு அழைக்கும் அளவுக்கு நெருங்கியவர் எனத் தெரியவருவதால், அவரைப் பராமரிக்கும் பொறுப்பு தங்களையும் சாரும் எனக் கருதப்படுகிறது. தங்கள் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு...'

பிஸ்கட்டம்மா படித்தாள். மறுபடியும் படித்தாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் டீ கேட்டேன்டி."

"என்ன?"

"உனக்கு ஒரு டீ கொடுக்க அனுமதி கேட்டேன். அட்டைக்கு ரெண்டாவது டீ கிடையாது. ஃபாரத்துல உன் விலாசம் கேட்டாங்க. தெரியும்னு பெருமையா சொன்னேன்." ஒவ்வொன்றாகச் சொன்னாள். பயிற்சியை, பரிசோதகரை, மூன்று பேரை, தொட்டியில் ஊற்றியதை. "நாற்பது நிமிஷம் கொடுத்தாங்க. மௌனம் உட்பட."

தங்கச்சி அவளையே பார்த்தாள். முதலில் சிரிப்புதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மௌனம் உட்படவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வேறெங்கோ போய்விட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்தாள் பிஸ்கட்டம்மா.

"விடுக்கா."

"விட முடியலைடி. சொல்லிடறேன். அம்மா உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தா. எனக்குப் பொறாமை. நான்தானே பக்கத்துல இருக்கேன், என்னை ஒரு தடவை கேக்கலையேன்னு. அதான் அந்த வார்த்தை வந்துருச்சு."

தங்கச்சி டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். மூடி கை மாறி மாறிப் போய்வந்தது. சர்க்கரை அதிகம். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

"பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு" என்றாள் தங்கச்சி. "இவன் மூணுல ஒரு பங்கு பிடிச்சான்னா நிறுத்த வேண்டியதுதான். நிறுத்திக்கலாம், பரவாயில்லை. நீ என்கூடவே வந்துருன்னு சொல்லுவேன், ஆனா பத்துக்குப் பத்து அறை, வீட்டுக்காரன் தலையை எண்ணி வாடகை வாங்கறான்."

பிஸ்கட்டம்மா காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தமக்கு உறவினர் எவரும் இல்லை என உதவி பெறுபவர் பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் உறுதியளித்தால் இவ்வறிவிப்பு ரத்தாகும். உறுதிமொழிக்குப் பின் உறவினருடன் தொடர்பு கண்டறியப்பட்டால் இருவர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

தங்கச்சியும் அதைப் படித்திருந்தாள். "அதெல்லாம் எழுதாதே. எழுதினா அப்புறம் நீயும் வர முடியாது, நானும் வர முடியாது. போன்கூடப் பண்ண முடியாதாம். கேட்டியா? எழுதாதேக்கா."

மணி அடித்தது. பெண்கள் டப்பாக்களை மூடிக்கொண்டு எழுந்தார்கள். தங்கச்சி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளிருந்து யாரோ அதட்டினார்கள். அக்காவின் தோளில் கை வைத்து அழுத்தியபடி எழுந்து, இரண்டு படி ஏறி, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். பிஸ்கட்டம்மாவின் சேலையில் ஒரு நீல நூல் ஒட்டியிருந்தது. தட்டிவிடவில்லை.

அறிவிப்பு வந்த பதிமூன்றாம் நாள் காலையில் அவள் இயக்ககத்துக்குப் போனாள். அந்தப் பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிந்தது. மூன்றாம் கவுண்ட்டர் அம்மாள் அவளை அடையாளம் கண்டு சிரித்தாள்.

"உறுதிமொழியா? இதோ." கார்பன் தாள் இரண்டைச் செருகி மூன்று தாள்களையும் ஒன்றாகத் தட்டி நேர்ப்படுத்தினாள். "ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு சம்பந்தப்பட்ட பார்ட்டிக்கு, ஒண்ணு உங்களுக்கு. நல்லா அழுத்தி எழுதுங்கம்மா. இந்தக் கார்பன் மட்டம். கடைசிக் காப்பி விழவே மாட்டேங்குது."

எழுத வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். உறவினர் என்று அச்சிட்டிருந்தது. எதிரே கோடு.

பிஸ்கட்டம்மா பேனாவை வாங்கினாள். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் ஒரு தடவை மட்டும் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, 'எவரும் இல்லை' என்று எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, மேஜை லேசாக ஆடும்படி அழுத்தி.

கவுண்ட்டர் அம்மாள் முதல் தாளைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டாவதைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்ததும் அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாகிவிட்டது.

"அட, இதுல கூட எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க" என்று அதைக் கிழித்து நீட்டினாள். "இது உங்களோடது. பத்திரமா வெச்சுக்கோங்க."